பாதி அட்டை

இந்த மாதம் சைக்கிளும் பையும் வாங்கிக்கொண்டு மருத்துவிச்சி வேலைக்கு இறங்கும் தங்கச்சிமாருக்கு,

முப்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி தன் அனுபவம் சொல்லப் புறப்பட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வருகிறது. போன மாரியில் பொம்மர் விமானச் சத்தத்துக்குப் பயந்து சைக்கிளோடு மதகுக்குள் விழுந்ததில் என் வலது முழங்கால் போய்விட்டது. இனி வீடு வீடாகச் சுற்ற முடியாது என்று எழுதித் தந்துவிட்டார்கள். எட்டு வருடம் சுற்றிய என் பகுதியை உங்களில் ஒருத்தியிடம் ஒப்படைக்கப் போகிறேன்.

பிள்ளையை நிறுப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாம் பயிற்சியில் உங்களுக்கு நன்றாகச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் எழுதுவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அலுவலகத்தில் யாராவது அரைகுறையாகச் சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா சண்டிலிப்பாயில் மற்றவர்களுடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். என் நியமனக் கடிதத்தை அப்பாவால் வாசிக்க முடியாது. ஆனால் அதை மடிக்க யாரையும் விடமாட்டார். அம்மா பதினொரு முறை சுமந்தவர். ஆறு பேர் மிஞ்சினோம். மூன்றாவதோடு போதும் என்று தனக்குப் பட்டதாக ஒருநாள் சொன்னார். நான் ஐந்தாவது. சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டார்.

அம்மாவுக்கு அந்த நாளில் யாரும் படலைக்கு வந்து ஒரு கருத்தடைக் குளிசை அட்டையைக் கொடுக்கவில்லை. நான் இந்த வேலைக்கு வந்தபோது அரசாங்கம் அதைச் சும்மா கொடுத்தது. குளிசை, ஊசி, உறை எதுவென்றாலும் கேட்டவருக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை என்று சொல்பவர்கள் என் பதிவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். மாதம் தவறாமல் அட்டை போன வீடுகளில், வேண்டாத நேரத்தில் பிள்ளை தங்கிவிட்டதென்று அழுத பெண்களை நான் மிகக் குறைவாகவே கண்டேன். அட்டை நின்றால் என்ன நடக்கும் என்பதைப் போரில் சாமான் வரும் பாதை பூட்டிய பிறகு கண்டேன்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. அந்த வரிசையில் எங்கள் சாமான்களும் சேர்ந்துகொண்டன. முதலில் ஊசி முடிந்தது. பிறகு உறை முடிந்தது. குளிசை மட்டும் கொஞ்சம் இருந்தது. ஒருநாள் அலுவலகத்தில் மருந்தறைக்குப் பொறுப்பான அண்ணை சின்னக் கட்டொன்றை என் முன்னால் வைத்தார்.

“பதினெட்டு அட்டை. எண்ணாதை பிள்ளை. கூடுமோ எண்டு நான் மூண்டு தரம் எண்ணிப் பாத்திட்டன்.”

“எனக்கு முப்பத்தாறு பேர் அண்ணை. மருந்துக் கப்பல் எப்ப வரும்?”

“பத்து நாளிலை எண்டு சொல்லுகினம். சொல்லுறவைக்கு என்ன, வாய்தானே.”

எங்கள் டொக்டர், சுகாதார வைத்திய அதிகாரி, அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அதிகம் கதைக்காத மனிதர். “பிள்ளை தங்கினா ஆற்றை உயிருக்கு ஆபத்தோ, அவைக்கு முழு அட்டை குடு. மற்றவைக்கு இல்லையெண்டு நேர சொல்லு. வேற என்ன செய்யலாம் எண்டு சொல்லிக்குடு” என்றார்.

ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து வேறொன்று செய்தேன்.

அந்த நாட்களில் சங்கக்கடையில் சீனி வந்தால் ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் ஒரே அளவுதான். ஒரு வீட்டுக்கு ஒரு பிடி கூடிப்போனால் ஊர் ஒரு கிழமைக்கு அதையே கதைக்கும். சின்ன வயதில் அந்த வரிசையின் கடைசியில் நின்றவள் நான். எங்கள் ஆட்களின் முறை வரும்போது ‘முடிஞ்சுது’ என்று சொல்லிச் சாக்கை உதறிக் காட்டுவார்கள். அந்தச் சொல்லை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே நான் சொல்லமாட்டேன் என்று எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. நான் போகும் வீட்டில் எல்லாருக்கும் சமன். அதில் எனக்குப் பெருமை.

கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு அட்டையில் வெள்ளைக் குளிசை இருபத்தொன்று. அதைப் பத்தும் பதினொன்றுமாக வெட்டினேன். பதினெட்டு அட்டை முப்பத்தாறு துண்டாயிற்று. பாதி அட்டை காக்காது என்பது எனக்குத் தெரியும். பத்து நாளில் கப்பல் வரும், மிச்சப் பாதியைக் கொடுத்துவிடலாம், ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன்.

பண்டத்தரிப்பில் புனிதவதி என்று ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டாவதைப் பெறும்போது கர்ப்பப்பை கிழிந்து, வயிற்றை வெட்டித் தைத்து உயிரைக் காப்பாற்றியிருந்தார்கள். இன்னொன்று தங்கினால் தையல் தாங்காது, தாயும் போவார் என்று ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்தது. பிள்ளை தங்காமல் சத்திரசிகிச்சை செய்வதற்கு அவருடைய பெயர் பெரியாஸ்பத்திரியில் பதிவாகியிருந்தது. அங்கே மயக்க மருந்து குறைந்து, அவசர வெட்டுகள் மட்டும்தான் என்று ஆகிவிட்டதால் அந்தப் பதிவு அப்படியே கிடந்தது. அவருக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது மாதம் ஒரு குளிசை அட்டை.

உயிருக்கு ஆபத்தானவர்கள் என்று டொக்டர் சொன்னதில் முதல் பெயர் இவருடையது. அவருக்கும் நான் பாதிதான் கொடுத்தேன். பதினொன்று இருந்த பாதி. பெரிய தயவு செய்தவள் மாதிரி.

அவருடைய மாமியார் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டாலே அவருக்கு வாய் அரிக்கும்.

“வந்திட்டா சைக்கிள்காரி. ஏன் பிள்ளை, சீனி விடாத அரசாங்கம் குளிசை மட்டும் சும்மா விடுதோ? சும்மா குடுக்கிறதிலை ஏதோ சூது கிடக்கு. எங்கடை சனத்தைக் குறைக்கிற வேலை.”

“மாமி, நீங்கள் பேசாமல் இருங்கோ” என்று புனிதவதி உள்ளே இருந்து வந்தார். துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இதென்ன மிஸி, எலி அரிச்சதோ? மிச்சம் எங்கை?”

குளிசையும் இப்போது வருவதில்லை என்று மாமியாருக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு வசனத்தில் இரண்டு பேருக்கும் உண்மை விளங்கியிருக்கும். அது என் நாக்கு நுனிவரை வந்தது.

“முடியிறதுக்குள்ளை கொண்டுவாறன் அக்கா. வரும்” என்றேன்.

“கட்டாயம் வருமோ?”

“நான் சொன்னால் வரும்.”

பத்து நாள் போனது. கப்பல் வரவில்லை. பதினொன்றாம் நாள் காலையில் நித்திரையால் எழும்பும்போதே நாளை எண்ணிப் பார்த்தேன். அன்று அவர் கடைசிக் குளிசையை விழுங்குவார். நான் அன்றே ஓடிப்போய், குளிசை இல்லை, மனுசனை விட்டுத் தூர இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஒழுங்கையை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனேன். நாளைக்குக் கப்பல் வரும், கையில் அட்டையோடு போகலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி ஏழு கிழமை சுற்றிப் போனேன். பிழைகளில் பெரிய பிழை அதுதான். கத்தரிக்கோல்கூட இரண்டாவது.

கப்பலில் குளிசைப் பெட்டி வந்த அன்றே பண்டத்தரிப்புக்கு மிதித்தேன். புனிதவதி கொட்டிலில் குந்தியிருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். முழு அட்டைகள் மூன்றை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“இனி என்னத்துக்கு மிஸி? நான் குளிச்சு ரெண்டு மாதம்.”

அவர் ஒரு பிடியைக் கட்டி முடித்து அடுத்ததை எடுத்தார். கதைக்கும்போது குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

“ஒருத்தி இருக்கிறாவாம். வேர் ஏதோ வைச்சு எடுப்பாவாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போறன் எண்டு பக்கத்து வீட்டுக்காரி சொன்னவள்.”

“ஐயோ அக்கா, அங்கை போனால் நீங்கள் திரும்பி வரமாட்டியள்.”

“இருந்தா மட்டும்?”

அவருக்கு எதிரில் வெங்காயத் தாளின் மேல் குந்திவிட்டேன். என்னை ஞாயிறு வரைக்கும் நம்புங்கள், போகாதீர்கள் என்று கேட்டேன். நம்பச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கூடுதலாகப் பயத்தைத் தந்தது.

அன்று பின்னேரம் டொக்டரிடம் போனேன். போகும் வழி முழுக்க இரண்டு பயங்கள். புனிதவதி செத்துப்போவார் என்பது ஒன்று. வேலை போய்விடும், மடிக்காமல் வைத்திருக்கும் கடிதத்தை அப்பா என்ன செய்வார் என்பது மற்றது. முதல் பயத்துக்குப் பக்கத்தில் இரண்டாவதும் இருந்தது என்பதை உங்களுக்கு மறைக்கவில்லை.

வெட்டியதையும் சுற்றிப் போனதையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏன் பிள்ளை?”

“எல்லாருக்கும் சமனாய்...”

“இது சீனியில்லை.”

பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தாளை எடுத்தார். கட்டில் இல்லாத காலம். ஒன்பதாம் மாதத் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும், இரத்தம் ஒழுங்கு செய்து வைக்க வேண்டும் என்றால் அவர்கள் காரணம் கேட்பார்கள். “என்னெண்டு எழுத?” என்றார். “நடந்ததை அப்பிடியே எழுதுங்கோ டொக்டர்” என்றேன். எழுதினார். என் பெயரும் அதில் இருந்தது.

மற்றப் பெண்களிடமும் வீடு வீடாகப் போனேன். முப்பத்தாறு பேரில் ஐந்து பேருக்குத் தங்கியிருந்தது. ஒருத்தி மண்ணள்ளித் தூற்றித் திட்டினாள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

புனிதவதி ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணிடம் போகவில்லை. பெரியாஸ்பத்திரி டொக்டர்மார் பார்த்துவிட்டு, ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் சேர்ந்துவிட வேண்டும், வலி வருமுன்னர் வெட்டி எடுப்போம் என்றார்கள். அதுவரை நான் மூன்று நாளைக்கு ஒருமுறை போனேன். ஒழுங்கை முடக்கில் நின்று முதலில் அவர்கள் வீட்டுக் கொடியைப் பார்ப்பேன். தோய்த்த உடுப்புத் தொங்கினால் மூச்சு வரும். ஒருநாள் கொடி வெறுமையாக இருந்தது. எப்படிப் படலையைத் திறந்தேன் என்று தெரியாது. சவர்க்காரம் முடிந்ததால் தோய்க்கவில்லையாம். மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவருக்கும் அதே பயம்தான்.

சேர்க்க வேண்டிய நாளுக்கு நாலு நாள் இருந்தது. காலையில் நான் போனபோது புனிதவதி அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வேர்த்திருந்தது.

“விடியத் தொடங்கினது மிஸி. சும்மா பொய்க்குத்து எண்டு நினைச்சன்.”

தழும்பின் மேல் கையை வைக்கப் போனேன். தொட விடவில்லை. பழைய தையல் இருந்த இடம் தொட்டால் நோகிறது என்றால் அது கிழியத் தொடங்குகிறது என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள்.

பெற்றோல் இல்லாத காலம். அவருடைய கணவர் தவராசா அண்ணையிடம் சேர்த்து வைத்த மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்று இருந்தது. அதன் பின்னால் பூட்டிய பெட்டியில் வைக்கோல் போட்டு, மேலே பாயை விரித்து, புனிதவதியை ஏற்றினோம். மாமியார் படலையில் நின்று தலையில் கை வைத்தபடி கத்தினார்: “பிள்ளை, பாத்துக் கூட்டிக்கொண்டு போ! உன்னை நம்பித்தான் விடுறன்!” முதன்முதலாக என்னைச் சைக்கிள்காரி என்று சொல்லாமல் விட்டார்.

மானிப்பாய் தாண்டியதும் மேலே சத்தம் கேட்டது. பொம்மர். வீதியில் போன சனம் சைக்கிள்களைப் போட்டுவிட்டு மதில் கரைகளில் படுத்தது. தவராசா அண்ணை மெசினை ஒரு வேப்பமரத்துக்குக் கீழே விட்டு நிற்பாட்டிக் குதித்தார்.

“மிஸி, இறங்குங்கோ! அவளை இறக்குவம்!”

அவர் செய்தது சரி. எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஓடுகிற வாகனத்துக்குத்தான் போடுவான் என்று எங்களுக்குப் பழக்கம். நானும் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். அப்போது புனிதவதி என் கையைப் பிடித்தார். நாடியைப் பார்த்தேன். கடகடவென்று ஓடியது. வயிறு இளகவே இல்லை. இந்த மரத்துக்குக் கீழே கால் மணித்தியாலம் படுத்திருந்தால் இங்கேயே கிழியும். என் பையில் அதற்கு ஒரு மருந்தும் இல்லை.

“ஓட்டுங்கோ அண்ணை.”

“விசரே உங்களுக்கு? மேலை சுத்துறான்!”

“அவன் போட்டாலும் போடுவான், போடாமலும் போவான். இது கட்டாயம் கிழியும் அண்ணை. ஓட்டுங்கோ!”

துணிச்சல் என்று நினைக்கவேண்டாம். என் பல் ஒன்றோடு ஒன்று அடிக்கிற சத்தம் மெசின் சத்தத்துக்கு மேலால் எனக்குக் கேட்டது. வீதியில் நாங்கள் மட்டும் போனோம். எங்களுக்குப் பின்னால் எங்கேயோ இரண்டு தரம் நிலம் அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. புனிதவதியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடினால் கன்னத்தில் தட்டினேன்.

“அடிக்காதேங்கோ மிஸி, உயிரோடைதான் இருக்கிறன்” என்றார் ஒருமுறை.

பெரியாஸ்பத்திரியில் அந்தக் கடிதம் இருந்தது. யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. இரத்தம் தயாராக இருந்தது. தவராசா அண்ணையிடம் இனிப் பிள்ளை தங்காமல் இப்போதே செய்துவிடவும் சம்மதம் கேட்டார்கள். கையெழுத்துக் கோட்டுக்கு வெளியே போனது. “இன்னும் எத்தினை இடத்திலை வேணுமெண்டாலும் வைக்கிறன்” என்றார்.

பெண்பிள்ளை. சின்னன், ஆனால் கத்தியது. பழைய தையல் இருந்த இடம் கடதாசி மாதிரி மெலிந்து, உள்ளே பிள்ளையின் தலைமயிர் தெரிந்ததாம் என்று தியேட்டரில் நின்ற தாதி வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் விடுதியில் அவரைப் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

“குளிசை இல்லாதது உங்கடை பிழையே? கப்பல் வராதது உங்கடை பிழையே?”

“பாதியா வெட்டினது என்ரை பிழைதானே அக்கா.”

“வெட்டினதையும் விடுங்கோ. ‘இல்லை’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் பாயைத் தூக்கிக்கொண்டு போய் மாமியின்ரை அறைக்குள்ளை படுத்திருப்பன். கப்பல் வருமட்டும் அங்கையே கிடந்திருப்பன். மனுசன் ஏனெண்டு கேட்டா, எனக்கு உயிர் வேணும் எண்டிருப்பன். அந்தாள் விளங்காத ஆளில்லை. நீங்கள் வரும் எண்டு சொன்னியள். படிச்ச பிள்ளை சொன்னா வரும்தானே எண்டு நம்பினன்.” பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றினார். “இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு வெக்கம். அதுக்கு என்ரை வயித்தை வெட்டினது.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

என் வேலை போகவில்லை. எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. அதை மடித்துத்தான் வைத்திருக்கிறேன்.

பிறகு ஒருமுறை ஊசி முடிந்துபோனது. முறை வந்த எல்லா வீட்டுக்கும் வெறும் பையோடு போனேன். “அக்கா, ஊசி இல்லை. எப்ப வருமெண்டு எனக்குத் தெரியாது. வருமட்டும் என்ன செய்யலாமெண்டு இருந்து கதைப்பம்.” சில பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, ஒன்றும் இல்லாமல் ஏன் வெயிலில் வந்தாய் என்று கேட்டுச் சிரித்தாள். ஆனால் இருந்து கேட்டாள்.

இந்த மாதமும் குளிசை குறைவு. மருந்தறையில் நானே பார்த்தேன். திங்கட்கிழமை உங்களுக்குக் கிடைப்பது உங்கள் பெண்களுக்குக் காணாது. எனக்குப் பொம்மர் பயம் இன்னும் போகவில்லை. சத்தம் கேட்டால் முழங்காலுக்கே முதலில் தெரிகிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உங்களில் கெட்டிக்காரி ஒருத்தி, என்னைப்போல் நல்லபெயர் எடுக்க ஆசைப்பட்டவள், யாருடைய படலையிலோ நின்று ‘வரும்’ என்று சொல்லிவிடுவாளோ என்பது.